பூசைக்கு வைத்த துவக்கு

துவக்கின் குழல் சூடாக இருந்தது.

கொதிக்கிற சூடில்லை. யாரோ இவ்வளவு நேரமும் கையில் வைத்திருந்துவிட்டு இப்போதுதான் கீழே வைத்த தேநீர்க் கோப்பையின் சூடு. கௌசி கையை எடுத்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே சூடு. பேஸ்மென்டின் வடக்குச் சுவரோடு, கோல்ட் ரூம் கதவுக்குப் பக்கத்தில், நவம்பர்க் குளிர் சீமெந்துக்குள்ளால் ஊறி வருகிற மூலையில்தான் அந்த இரும்பு அலுமாரி நின்றது. அலுமாரிக் கதவு விரலில் ஒட்டுகிற மாதிரிக் குளிர்ந்தது. உள்ளே கிடந்த துணி, எண்ணெய்ப் போத்தல், விசைப் பூட்டு எல்லாம் குளிர்ந்துதான் கிடந்தன. குழல் மட்டும் சூடு. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனபோது துவக்கு எண்ணெயின் மணத்துக்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது. ஈரச் சந்தனத்தின் மணம்.

வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸின் காற்று அடித்திருக்கும் என்று நினைத்தாள். ஃபர்னஸ் வீட்டின் மற்றத் தொங்கலில், மறுகோடியில் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் நேரம் ஐந்து. புருஷன் பிரியந்தன் வேலையால் வர இன்னும் நாற்பது நிமிடம்தான். அதற்குள் பயிற்சியை முடிக்க வேண்டும். சூட்டை ஆராய்ந்துகொண்டு நிற்க நேரமில்லை. பூட்டைக் கழற்றி, தோட்டா இருக்கும் இடத்துக்குள் விரலை விட்டு ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டு, துவக்கைத் தூக்கியபடி மேலே ஏறினாள்.

வேலை நாட்களில் எல்லாம் இதுதான். பல் வைத்தியர் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை மூன்று மணிக்கு முடியும். வந்து, சோற்றை வைத்து, மகள் சுபாங்கியைக் கூடைப்பந்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஐந்து மணிக்கு மாடிப்படியின் தலைப்பில் நிற்பாள். முதுகுக்குப் பின்னால் சுபாங்கியின் அறை. பதின்மூன்று படி கீழே முன்கதவும் கால்மிதியும். ஐந்து போலித் தோட்டாக்கள், தோடம்பழ நிறப் பிளாஸ்டிக், உள்ளே மருந்தில்லை. இடது முழங்கால் கைப்பிடித் தூணோடு. துவக்கின் மரக்கட்டை தோள் குழிக்குள். கன்னம் கட்டையின் மேல். சேஃப்டி. விரல். மூச்சை அரைவாசி விட்டு நிறுத்து. இழு.

டிக்.

குழலுக்குக் கீழே உள்ள பம்ப்பை இழுத்துத் தள்ளினால் போலித் தோட்டா துள்ளிக் கம்பளத்தில் விழும். மறுபடி இழு. டிக். ஐந்து மாதமாக இதையே செய்து செய்து, அவளைக் கேட்காமலே உடம்பு செய்யப் பழகியிருந்தது. அதுதான் வேண்டியது என்று சொல்லிக் கொடுத்தவர் துவக்கு வகுப்பு எடுத்த றொய்சன் அண்ணை. "யோசிச்சுச் செய்யிறது பயிற்சி இல்லத் தங்கச்சி. யோசிக்க முதல் கை போகவேணும்."

அன்றைக்கு மூன்றாவது தரம் இழுத்தபோது டிக் கேட்கவில்லை. அலுத்துப்போன ஒருவர் பல்லுக்குப் பின்னால் நாக்கை அடிக்கிற சத்தம் கேட்டது.

த்சு.

கௌசி திரும்பிப் பார்த்தாள். சுபாங்கியின் அறைக் கதவு சாத்திக் கிடந்தது. வீட்டில் ஒருவருமில்லை. காது பழுதாகிவிட்டது என்று தன்னையே ஏசிக்கொண்டு, அன்றைக்குப் பயிற்சியை அத்தோடு நிறுத்தினாள்.

பயம் அவளுக்குப் புதிது. பத்து மாதமாக அவளிடம் இருந்தது கோபம் மட்டும்தான்.

ஜனவரியில் ஒரு விடியற்காலை, ஆறரை மணி, வெளியே இருட்டு. கதவை ஒரே உதையில் திறந்துகொண்டு மூன்று பேர் வந்தார்கள். முகமூடி, கையுறை. கௌசி குசினியில் சுபாங்கிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு நின்றாள். வாசலில் நின்ற காரின் திறப்புத்தான் அவர்களுக்கு வேண்டியது. பிரியந்தன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கால்மிதியில் நின்றான். சரி, தூக்கட்டும், மனுஷனுக்குப் பயம் வராதா? திறப்பைக் கொடுத்தான். கொடுக்கட்டும், கார் என்ன, வெறும் தகரம். பிறகு ஒருவன் வீட்டில் வேறு யார் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டான். பிரியந்தன் பதில் சொன்னான்.

"மை டோட்டர், சேர். அப்ஸ்டெயர்ஸ். ஃபர்ஸ்ட் றூம்."

யார் என்றுதான் அவன் கேட்டான். எந்த அறை என்று கேட்கவேயில்லை. கேட்காத கேள்விக்கும் சேர்த்து விடை சொன்னான், பெற்ற தகப்பன். பதின்மூன்று வயதுப் பிள்ளை நித்திரையாகக் கிடக்கிற அறையைக் கையால் காட்டவும் செய்தான். கௌசி ஓடிவந்து முதல் படியில் ஏறி நின்றாள். கையில் சாப்பாட்டுப் பெட்டியின் மூடி, அதைத் தவிர ஒன்றுமில்லை. முகமூடிக்காரன் அவளைப் பார்த்தான், மேலே பார்த்தான், சிரித்தான், போய்விட்டான்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லத்தானே" என்றது சொந்தம் முழுக்க. "பிரியந்தன் நிதானமா நிண்டபடியாத்தான் தப்பினியள்." நிதானமாம்! அந்தச் சொல்லைக் கேட்டாலே கௌசிக்கு உச்சி கொதிக்கும். பொலிஸ் வந்து ஒரு தாளில் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. பிரியந்தன் புதுப் பூட்டுப் போட்டான், வாசலில் கமெரா பூட்டினான், விருந்தினருக்கு அதை ஒரு பகிடிக் கதையாகச் சொல்லப் பழகினான். ஃபர்ஸ்ட் றூம் என்று தான் சொன்னதை மட்டும் எந்தக் கதையிலும் சேர்க்கவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பிழை விட்டுவிட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அவள் அழுது முடித்திருப்பாள். அவன் சொல்லவில்லை. இரவில் குறட்டை விட்டு நித்திரை கொண்டான். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்துதான் கௌசி துவக்கு லைசென்ஸ் எடுக்க முடிவு செய்தாள்.

வோபர்னில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் வகுப்பு. படிப்பித்தவர் றொய்சன், மன்னார் ஆள், வேர்ஹவுஸில் வேலை, ஒவ்வொரு வருடமும் மான் வேட்டைக்கு வடக்கே போகிறவர். இருபது ஆம்பிளைகளுக்கு நடுவில் ஒரு தமிழ்ப் பெண் வந்து இருந்ததைப் பார்த்து அவர் காரணம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உதை வெளியில சொல்லாதேங்கோ தங்கச்சி. மனுசருக்கு எண்டு துவக்கு வாங்கிறது இந்த நாட்டில ஒரு காரணமே இல்ல. மைதானத்தில களிமண் தட்டுச் சுடப் போறன் எண்டு சொல்லுங்கோ. உண்மையா அதையே செய்யுங்கோ."

லைசென்ஸ் படிவத்தில் புருஷனின் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. அவள் நீட்டினாள். அவன் வாசிக்காமலே வைத்தான், அவள் முகத்தைப் பார்க்காமலே. அதுவும் அவளுக்கு எரிச்சல்தான்.

ஜூனில் கடைக்குப் போனாள். கைத்துப்பாக்கி இப்போது வாங்க முடியாது. பெரிய பன்னிரண்டாம் நம்பர் சொட்கன்னைத் தோளில் வைத்துப் பார்த்தபோது அவளுடைய ஐந்தடி உடம்பையே அது பின்னால் தள்ளிக்கொண்டு போனது. றொய்சன் கூட வந்திருந்தார். கட்டையின் அடியை அவள் முழங்கையின் உட்பக்கத்தில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்து, ஆறேழு துவக்குகளைத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் அதைவிடச் சிறிய ஓர் இருபதாம் நம்பர் பம்ப், குட்டைக் கட்டை. அவள் தோளில் வைத்ததும் கன்னம் தானாகப் போய்ப் பொருந்தியது. கடைக்காரன் எதற்கு என்று கேட்டான். தட்டுச் சுட என்றாள். சொல்லும்போது கால்மிதியில் ஒருவன் நிற்கிறது அவள் கண்ணுக்குள் தெரிந்தது.

தட்டும் சுட்டாள்தான். கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் றொய்சனோடு நகருக்கு வெளியே உள்ள மைதானத்துக்குப் போனாள். பறந்துபோகிற களிமண் தட்டில் இருபத்தைந்துக்குப் பதினெட்டு உடைத்தாள். தோள் கன்றி நீலமாகியது. அந்த நோவு அவளுக்குப் பிடித்தது. வெடி ஒவ்வொன்றுக்கும் கோபத்தில் ஒரு பிடி வெளியே போகிற மாதிரி இருக்கும், ஆனால் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் கால்மிதி அங்கேயே கிடக்கும்.

பிழை ஆயுத பூசையன்று நடந்தது.

வருடா வருடம் அவர்கள் சாமியறையில் செய்கிறதுதான். சுபாங்கியின் வயலின், புத்தகங்கள், பிரியந்தனின் லப்டொப், குசினிக் கத்தி, தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து அம்மனுக்கு முன்னால் அடுக்குவார்கள். இந்த முறை கௌசி பேஸ்மென்டுக்குப் போய்த் துவக்கையும் கொண்டுவந்தாள். அதுவும் ஆயுதம்தானே, அதைவிட ஆயுதம் இந்த வீட்டில் எது? பூட்டோடு சாமிக்கு முன்னால் வைக்க மனம் வரவில்லை. விசைப் பூட்டைக் கழற்றினாள்.

"அம்மா, திஸ் இஸ் சோ வியர்ட்" என்றாள் சுபாங்கி.

பிரியந்தன் லப்டொப்பை நகர்த்தி இடம் விட்டான், அவள் முகத்தைப் பார்க்காமல். எப்போதும் போல.

கற்பூரம் எரிந்தபோது கௌசி கண்ணை மூடினாள். கடைக்காரனுக்குப் பொய் சொல்லலாம், அம்மனுக்குச் சொல்ல முடியுமா? இதன் தொழில் என்ன என்பதை மனதுக்குள் உள்ளபடி சொன்னாள். கதவடியில் நிற்கிறவனை நினைத்தாள், கால்மிதி, அவன் நிற்கிற நிலை, எல்லாவற்றையும் தெளிவாக நினைத்தாள்.

பூசையில் வைத்ததை அடுத்த நாள், விஜயதசமி காலையில், எடுத்து அதன் வேலையை ஒரு தரமாவது செய்விக்க வேண்டும். அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். கத்தி ஒரு தேசிக்காயை வெட்டியது. தையல் மெஷின் ஒரு வரி தைத்தது. சுபாங்கி முகத்தைச் சுளித்துக்கொண்டு வயலினில் இரண்டு சுரம் இழுத்தாள். லப்டொப்பில் பிரியந்தன் ஒரு ஈமெயில் அடித்தான். அன்று வியாழக்கிழமை, கௌசிக்கு எட்டு மணி வேலை, மைதானமோ ஒரு மணி நேரத் தூரம். சந்தனத்தைத் துடைத்து, துவக்கைக் கொண்டுபோய் அலுமாரியில் பூட்டிவிட்டு வேலைக்கு ஓடினாள். அது மட்டும் வேலை செய்யாமல் உள்ளே போனது.

பூசையன்று வைத்த பொட்டை அவள் நன்றாகத்தான் துடைத்திருந்தாள். அந்த நாக்குச் சத்தம் கேட்ட வாரத்துச் சனிக்கிழமை, மைதானத்தில் உறையைத் திறந்தபோது, விசைக்கு மேலே இரும்பில் ஒரு பொட்டு இருந்தது. சந்தனம், நடுவில் குங்குமம். விரலில் ஈரமாக ஒட்டியது.

றொய்சன் கண்டுவிட்டார். "சுடுங்கோ பாப்பம்" என்றார்.

இருபத்தைந்து தட்டில் ஒன்றும் உடையவில்லை. ஒவ்வொரு தரமும் கௌசி சரியாகத்தான் பிடித்தாள், சரியாகத்தான் தொடர்ந்தாள், ஆனால் இழுக்கிற கணத்தில் குழல் கைக்குள் கொஞ்சம் திரும்பியது. பள்ளிக்கூடத்தில் பிடிக்காத பாடத்துக்குப் பிள்ளை முகத்தைத் திருப்புகிற மாதிரித் திரும்பியது. றொய்சன் வாங்கிச் சுட்டுப் பார்த்தார். முப்பது வருடம் சுட்ட மனுஷன். பத்தில் பத்தும் தவறியது. அவர் துவக்கைத் திறந்து வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தார்.

"உது வேற எதையோ பாக்குது" என்றார். விசைக்கு மேலே இருந்த பொட்டைக் காட்டி, "சாமிக்கு வச்சனீங்களோ?" என்று கேட்டார்.

கௌசி சொன்னாள். அடுத்த நாள் வேலை செய்விக்காமல் விட்டதையும் சொன்னாள்.

"எங்கட பக்கம் பாதர் வந்து வள்ளத்துக்குத் தீர்த்தம் தெளிப்பார்" என்றார் றொய்சன். "தெளிச்ச வள்ளம் அண்டைக்கே கடலுக்கு இறங்கவேணும். இறக்காமல் கரையில விடமாட்டம்."

"விட்டா?"

"விட்டதில்ல." அவர் அவளைப் பார்க்காமல் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கினார். "இண்டைக்குத்தான் இவ்வளவு சுட்டாச்சே அண்ணை, உது காணாதோ" என்று அவள் கேட்டபோது, "நீங்கள் சாமிக்குத் தட்டு எண்டோ சொன்னனீங்கள்?" என்று கேட்டார்.

கௌசிக்குக் கோபம் வந்தது. இந்த ஆளிடம் யார் விளக்கம் கேட்டது? ஆனாலும் துவக்கை உறைக்குள் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். துவக்கைத் தன்னிடமிருந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள், இன்றைக்கே. அப்படிச் சும்மா கைமாற்ற முடியாது, மாற்றுவதற்கு அரசாங்கத்திடம் நம்பர் எடுக்க வேண்டும், வியாழக்கிழமை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து கொண்டுபோகிறேன் என்றார் அவர். "அதுவரைக்கும் வெளியில எடாதேங்கோ. பயிற்சியும் வேண்டாம். தோட்டாவைக் கராஜில தனியாப் பூட்டி வையுங்கோ."

அவர் சொன்னபடியே செய்தாள். அலுமாரித் திறப்பைத் தாலிச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டாள்.

திங்கட்கிழமை வேலையால் வந்து மாடியை வக்யூம் பிடித்தாள். படித்தலைப்பில், அவள் வழமையாக நிற்கிற இடத்தில், கம்பளம் இரண்டு பாத அளவுக்கு அமுங்கிக் கிடந்தது. ஐந்து மாதமாக நின்ற இடம்தானே. இரண்டு தரம் பிடித்து மயிரை நிமிர்த்திவிட்டாள். செவ்வாய்க்கிழமை மறுபடி அமுங்கிக் கிடந்தது. குனிந்து உள்ளங்கையை வைத்தாள். யாரோ இப்போதுதான் காலை எடுத்த மாதிரி இளஞ்சூடு. கையை இழுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு ஓடினாள். அலுமாரி பூட்டித்தான் இருந்தது. பூட்டியிருந்த கதவின் இடுக்கால் சந்தன மணம் வந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் பிரியந்தன் தட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"நேற்று ஏன் என்னோட கதைக்கேல்ல?"

"எப்ப?"

"நான் கதவைத் திறக்கேக்க. நீர் மேல துவக்கோட நிண்டனீர். ஹலோ எண்டன். நீர் அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டீர்."

நேற்று அவன் கதவைத் திறந்தபோது கௌசி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். துவக்கு பூட்டியிருந்தது. திறப்பு கழுத்தில் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். சுபாங்கி பக்கத்தில் இருந்து ஃபோன் நோண்டிக்கொண்டிருந்தாள். "களைப்பு" என்றாள் கௌசி.

"எனக்கும் உம்மோட ஒரு விசயம் கதைக்க வேணும்" என்றான் அவன். பிறகு எழும்பிப் போய்த் தட்டைக் கழுவினான். இந்த மனுஷன் எதைத்தான் கதைத்தான்?

இரவு முழுக்க அவளுக்கு நித்திரையில்லை. கற்பூரம் எரிந்தபோது தான் என்ன நினைத்தாள் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கால்மிதி. அதில் நிற்கிறவன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறவன்.

திருடர்கள் கையைத் தூக்கவில்லை.

பக்கத்தில் பிரியந்தன் குறட்டை விட்டான். கௌசி எழும்பிப் போய்க் குளியலறைத் தரையில் இருந்து, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையிலும் கோபம்தான் கூட இருந்தது. அவனைச் சாகடிக்க அவள் நினைத்ததில்லை. நினைக்கவேயில்லை. நினைத்தாளா?

வியாழக்கிழமை. நம்பர் வந்துவிட்டது, ஆறு மணிக்கு வாறன் என்று றொய்சன் தகவல் அனுப்பியிருந்தார். சுபாங்கியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, குசினி மேசையில் இருந்தாள். மணி நாலே முக்கால். வெளியே இருட்டி, வாசல் விளக்கில் மெல்லிய பனி விழுந்துகொண்டிருந்தது. வீட்டின் எல்லா விளக்கையும் போட்டாள். பிரியந்தனுக்கு ஃபோன் எடுத்து, ஆறரைக்குப் பிறகு வாங்கோ, வழியில மகளையும் ஏத்திக்கொண்டு வாங்கோ என்று சொல்ல நினைத்தாள். எடுத்தாள். அவன் தூக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மரம் குளிர்ந்து கிடந்தது. ஃப்ரிட்ஜ் உறுமியது. ஃபர்னஸ் நின்றது. அது நின்றபிறகு வந்த அமைதியில், மேலே, கம்பளத்தின் மேலே, ஒரு கால் மெல்ல எடுத்து வைக்கப்படுகிறது கேட்டது. பிறகு மற்றக் கால்.

எழும்பமாட்டேன் என்று சொல்லிக்கொண்டாள். மேசையை விடமாட்டேன். மரத்தை இறுக்கிப் பிடித்தாள்.

மரம் சூடாக இருந்தது.

குனிந்து பார்த்தாள். மேசை இல்லை. இடது கைக்குள் பம்ப். வலது கைக்குள் கட்டை. பதின்மூன்று படி கீழே முன்கதவு.

எப்போது ஏறினாள்? எப்போது பூட்டைத் திறந்தாள்? கழுத்தில் திறப்பு இன்னும் குளிர்ந்து கிடந்தது.

இறக்கு. துவக்கை இறக்கு.

கை இறங்கவில்லை. முழங்கால் தூணைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டது. கட்டை தோள் குழிக்குள் வந்தது. கன்னம் தானாகப் போய்ப் பொருந்தியது. ஐந்து மாதம் பழக்கிய உடம்பு. அவளைக் கேட்காமல் செய்கிற உடம்பு.

துவக்கு பாரமாக இருந்தது. போலித் தோட்டா பிளாஸ்டிக், பாரமேயில்லை. இந்தப் பாரத்தை அவள் மைதானத்தில், உண்மைத் தோட்டாவோடுதான் தூக்கியிருக்கிறாள்.

கராஜ் கதவு உருண்டு மேலே போகிற சத்தம். இவ்வளவு வெள்ளனவா? ஐந்து இருபதுதான். இன்றைக்கென்று இந்த மனுஷன் ஏன் வெள்ளன வருகிறான்?

காலடி. பனியைத் தட்டுகிற சத்தம். திறப்பு.

கதவு திறந்தது. குளிர் படிகளில் ஏறி வந்தது. பிரியந்தன் கால்மிதியில் நின்றான், தோளில் பனி, கையில் லஞ்ச் பை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் நெஞ்சுக்குள் அந்தப் பழைய கோபம், பத்து மாதக் கோபம், ஒரே வீச்சில் தலைவரைக்கும் ஏறியது. ஃபர்ஸ்ட் றூம். அந்த இடம். அதே இடம்.

சேஃப்டி விடுபட்டது.

"இண்டைக்கும் பயிற்சியோ" என்று பிரியந்தன் மெல்லச் சிரித்தான். கதவைச் சாத்தினான். குனிந்து கீழ்ப் படியில் இருந்து, அவளுக்கு முதுகைக் காட்டியபடி, பூட்ஸ் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.

"நில்லும், அப்பிடியே நில்லும். நீர் முகத்தைப் பாத்தா எனக்குச் சொல்ல வராது. வழி முழுக்கச் சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தனான்." நாடா முடிச்சு இறுகிக் கிடந்தது. "அண்டைக்கு அவன் கேக்க முதலே பிள்ளையின்ர அறையைச் சொல்லிப்போட்டன். ஏன் சொன்னன் எண்டு எனக்குத் தெரியாது கௌசி. ஒவ்வொரு நாளும் இந்தக் கதவைத் திறக்கேக்க எனக்கு அது கேக்குது. நான் பயந்தவன். என்ர பிள்ளையைக் காட்டிக் குடுத்தவன். பிழை என்னிலதான். உமக்கு ஒரு நாளும் சொல்லேல்ல. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

கோபம் போய்விட்டது.

அவ்வளவுதான், போய்விட்டது. தேடிப் பார்த்தாள், ஒரு துளியும் இல்லை. குனிந்திருந்த அந்தப் பிடரி, நரைத்த மயிர், பனி உருகிக் கொலருக்குள் இறங்குகிற தண்ணீர், அது மட்டும்தான் இருந்தது. ஓடிப்போய் அந்தப் பிடரியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஓம், மன்னிச்சிட்டன், எழும்பி வெளியில ஓடுங்கோ என்று கத்தப் பார்த்தாள். வாய் கட்டையோடு அழுந்திக் கிடந்தது. குரல் வரவில்லை.

கை இறங்கவில்லை.

அவளிடம் இப்போது கோபமில்லை. துவக்குக்கு அது தேவையும் இல்லை.

"கௌசி?"

மூச்சு அரைவாசியில் நின்றது. விரல் விசைக்குள் போனது.

கீழே பிரியந்தன், கழற்றிய ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடி, அவள் ஏதாவது சொல்லுவாள் என்று திரும்பி, முகத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.